பழுதற்ற கண்டல்முனை

கண்டல்முனை இறங்குதுறையில் மூன்று பலகைகள் உளுத்து உக்கிப்போன அதே காலத்தில்தான் விரிகுடா அவசரத் திருத்தச் சபை ஒரு விளையாட்டை வெளியிட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் ஊரில் முதலில் நினைத்தார்கள்.

கண்டல்முனை, திருகோணமலைப் பட்டினத்துக்கு எதிர்க்கரை. படகில் ஏறினால் ஒரு வாய் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் பட்டினம் வந்துவிடும். தரையால் போவதென்றால் தம்பலகாமத்தைச் சுற்ற வேண்டும், பஸ் மாற வேண்டும், பொழுது சாய்ந்தால் யானைக்கு வழிவிட்டு நிற்கவும் வேண்டும். கரையெல்லாம் கண்டல் காட்டுச் சேறு. படகு அதற்குள் வராது. மனிதன் இறங்கினால் இடுப்புவரை தாழ்வான். அதனால்தான் சேற்றைத் தாண்டுகிற நீளத்துக்கு, பலகைப் பாலம்போல, அந்த இறங்குதுறையைக் கட்டினார்கள்.

ஊரில் பெட்டிக்கடை வைத்திருந்த தர்மசீலனுக்கு அந்த மூன்று பலகைகள் உயிர்ப் பிரச்சினை. அவருடைய மனைவி கனகமணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. கிழமைக்கு இரண்டு தரம் அக்கரைக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்கென்று கழுத்தோரத்தில் ஒரு குழாய் பொருத்தி, மேலே துணி ஒட்டியிருந்தார்கள். “இது நனையக் கூடாது அம்மா. நனைஞ்சால் கிருமி நேரா ரத்தத்துக்குள்ள போகும். பிறகு எங்களிட்டக் கேக்க வேண்டாம்” என்று தாதி சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து கனகமணி முகத்தைக்கூடக் கழுவுவதில்லை, துடைப்பதுதான்.

பலகைகள் உக்கியதும் முதலில் செயலில் இறங்கியவர் அடுத்த வீட்டு மூத்ததம்பி. தன் வீட்டுக் கக்கூஸ் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து ஓட்டையின் மேல் போட்டார். அதுவரை சபையின் வாகனம் அந்த ஊருக்கு வந்ததில்லை. அன்று வந்தது. ‘அங்கீகரிக்கப்படாத திருத்தம்’ என்று அவர்மேல் வழக்குப் போட்டுக் கதவைச் சான்றுப் பொருளாக ஏற்றிக்கொண்டு போனது. வழக்கு இன்னும் நடக்கிறது. கதவு இருந்த இடத்தில் மூத்ததம்பி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டிருக்கிறார். காற்றடிக்கிற நாட்களில் உள்ளே இருக்கும்போது தேவாரம் பாடுவார்.

ஆகவே தர்மசீலன் சட்டப்படி நடக்கத் தீர்மானித்து, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு பட்டினத்தில் இருந்த சபை அலுவலகத்துக்குப் போனார். அங்கே டிஜிட்டல் பணிப்பாளர் பிரியங்கினி அவருக்குக் கதிரை தந்து, தண்ணீரும் தந்தாள். கதிரை தருகிற அலுவலகத்தில் காரியம் நடக்கும் என்று நம்புகிற தலைமுறை அவருடையது.

“முறைப்பாடு ஒண்டு குடுக்க வந்தனான் பிள்ளை.”

“இப்ப முறைப்பாடு குடுக்கிறேல்ல ஐயா. விளையாடுறது.”

அவருடைய போனை வாங்கித் திறந்து காட்டினாள். மீசை வைத்து, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு சுத்தியல் கைகூப்பி வணக்கம் சொன்னது.

“இவர் சுத்தியலார். மூண்டு கட்டம் இருக்கு ஐயா. முதல் கட்டத்தில வெடிச்ச பைப்பைப் பொருத்த வேணும். ரெண்டாவதில உத்தியோகத்தர்மாரிட்டக் கையெழுத்து வாங்க வேணும். மூண்டாவது உங்கட பழுது. மேல ஒரு சிவப்புக் கோடு குறைஞ்சு குறைஞ்சு வரும். அது முடியிறதுக்குள்ள திருத்திப்போட்டால் உங்கட முறைப்பாடு தானாப் பதிவாகும்.”

“திருத்திப்போட்டால் பிறகேன் முறைப்பாடு?”

“அது விளையாட்டில ஐயா.”

தர்மசீலன் தண்ணீரைக் குடித்தார். “பிள்ளை, எனக்குக் கொஞ்சம் அவசரம். மனிசிக்கு...”

“அவசரம் உள்ளவை கெதியா விளையாடுவினம் ஐயா. மெதுவா விளையாடினால் அவ்வளவு அவசரமில்லை எண்டு நாங்கள் விளங்கிக்கொள்ளுவம். முந்தியெல்லாம் எது அவசரம் எண்டு கண்டுபிடிக்க வந்த எல்லாத்தையும் வாசிக்க வேண்டியிருந்தது. சரியான கஷ்டம்.”

“அப்ப இதிலயே இருந்து விளையாடட்டே?”

“ஏலாது. பழுதான ஊரில நிண்டுதான் விளையாட வேணும். போன் காட்டிக்குடுக்கும். முதல்ல அப்பிடி வைக்கேல்ல. கனடாவில இருந்து ஆக்கள் விளையாடி ஊருக்கு வெண்டு குடுக்கத் தொடங்கிட்டினம்.”

வெளியே வரும்போது நடையில் மூத்ததம்பியின் கதவு சாத்தி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அதன் கொளுக்கியில் உத்தியோகத்தர்கள் தங்கள் மத்தியானச் சாப்பாட்டைக் கொழுவியிருந்தார்கள்.

கண்டல்முனையில் விளையாடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊருக்குள் சிக்னல் இல்லை. இறங்குதுறையில் உக்கிய பலகைகளின் கடல்பக்க விளிம்புக்குப் போனால்தான் போன் உயிர்பெறும். அங்கே போக அந்தப் பலகைகளையே கடக்க வேண்டும். தர்மசீலன் ஓரத்துக் கைப்பிடி மரத்தைப் பிடித்து, நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து போய் விளையாடினார். தெருவிளக்கு எரியாதவர்களும் கிணற்றுப் பம்பு வேலை செய்யாதவர்களும் அதே வழியில் நண்டாகிப் பின்னால் வந்தார்கள். ஊரே ஏறி நின்று முறையிட முயன்றதில் மூன்று பலகையும் இன்னும் கொஞ்சம் தொய்ந்தன.

விளையாட்டைச் செய்தவர்கள் சபையின் அனுபவத்தை முழுதாகப் பயன்படுத்தியிருந்தார்கள். முதல் கட்டத்தில் பைப்பைப் பொருத்தினால் பக்கத்துப் பைப் வெடித்தது. இரண்டாம் கட்டத்தில் குட்டி உத்தியோகத்தர்கள் பேனாவோடு திரை முழுக்க ஓடினார்கள். ஒருவரைப் பிடித்தால் ‘கூட்டத்தில் இருக்கிறேன்’ என்றார். அடுத்தவர் ‘அது என் பிரிவு இல்லை’ என்றார். இன்னொருவர் பிடிபட்ட கணமே ஓய்வுபெற்றார். மூன்றாம் கட்டத்தில் ஓர் இறங்குதுறை வந்தது. சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் கைப்பையோடு அதில் நடந்து வருவாள். மேலிருந்து கோணல்மாணலாக விழுகிற பலகைகளைத் திருப்பித் திருப்பி, அவள் வருவதற்குள் ஓட்டையை அடைக்க வேண்டும். ஒன்றும் பொருந்தாது. கோடு முடியும். பெண் தொபுக்கென்று விழுவாள். சுத்தியலார் கைலேஞ்சியை எடுத்து அழுது, ‘உங்கள் முயற்சியைச் சபை மதிக்கிறது’ என்பார்.

படகோட்டி கலீலுர் றஹ்மான் மூதூர்க்காரர். ஒவ்வொரு தரமும் கயிற்றை எறிந்துகொண்டே கேட்பார்:

“என்ன தர்மண்ணே, இண்டைக்கு அந்தப் பொம்புளய எத்தின தரம் கொன்னீங்க?”

“றஹ்மான் நானா, நீ உன்ர எஞ்சினைப் பார்.”

“நான் பாக்கிறன். நீங்க உங்கட பொம்புளயப் பாருங்க. இங்கால வாறா.”

கனகமணி ஆஸ்பத்திரி முடிந்து வரும் நாட்களில் அவளுக்குக் கால் தள்ளாடும். தர்மசீலன் அவளை அணைத்துக்கொண்டு ஓட்டையைக் கடத்துவார். ஒரு பின்னேரம் நடுப்பலகை முறிந்து, அவளுடைய கால் முழங்காலுக்கு மேலே உள்ளே போனது. மூத்ததம்பியும் சேர்ந்து இழுத்துத்தான் எடுத்தார்கள். தோல் உரிந்த காலோடு அவள் அங்கேயே இருந்து, கணவரின் போனை வாங்கி மூன்றாம் கட்டத்தைப் பார்த்தாள்.

“இதென்ன மூலையில மஞ்சளாக் கிடக்கு?”

“அது ரிபன். ஓட்டைக்கு முன்னால கட்டுற எச்சரிக்கை நாடா. அதால என்ன செய்யிறது?”

“நீங்கள் ஏன் மினக்கெட்டுப் பலகை போடுறியள்? இவங்கள் எங்கயாவது பலகை போட்டதைக் கண்டனீங்களே? ரிபனைக் கட்டுங்கோ.”

அவர் ரிபனை இழுத்து ஓட்டைக்கு முன்னால் விட்டார். சிவப்புச் சேலைப் பெண் நின்றாள். திரும்பி வீட்டுக்குப் போனாள். வாணவேடிக்கை வெடித்தது. சுத்தியலார் நாதஸ்வரம் வாசித்தார். ‘வாழ்த்துக்கள்! உங்கள் அவசரம் உண்மையானது!’

மாவட்டத்தில் அந்த விளையாட்டை வென்ற முதல் ஆள் தர்மசீலன்தான். அலுவலகத்திலிருந்து பிரியங்கினி அழைத்து, சபையின் தலைவர், தவிசாளரே நேரில் வருகிறார் என்றாள். அவள் குரல் தழுதழுத்தது.

விழாவுக்கு முதல் நாள் லொறியில் பலகைகள் வந்து இறங்கின. புதிய, தடித்த, மரவாசனை மாறாத பலகைகள். வேலையாட்கள் உக்கியவற்றைக் கழற்றி, புதியவற்றைப் பொருத்தி, மேலே சிவப்புக் கம்பளமும் விரித்தார்கள். கனகமணி அதில் ஒரு தரம் போய், ஒரு தரம் வந்து பார்த்தாள். “ஆடேல்ல” என்றாள். இந்த வருடத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

தவிசாளர் பந்தலுக்குள் குத்துவிளக்கை ஏற்றினார். பள்ளிப் பிள்ளைகள் சுத்தியலார் வேடத்தில் ஆடினார்கள். பிறகு அவர் பேசினார்.

“முன்னொரு காலத்தில் எமது சபைக்கு வருடந்தோறும் நூற்றுக்கணக்கில் முறைப்பாடுகள் வந்துகொண்டிருந்தன. இந்த விளையாட்டை அறிமுகப்படுத்திய பின்னர் வந்தது ஒன்றே ஒன்று. பழுதுகள் எவ்வளவு குறைந்துவிட்டன என்பதை இதைவிட எப்படி நிரூபிப்பது? சிலர் கேட்கிறார்கள், விளையாட்டுக்குச் செலவழித்ததைப் பலகைக்குச் செலவழித்திருக்கலாமே என்று. நான் அவர்களைக் கேட்கிறேன், ஒரு பலகையில் எத்தனை பேர் நடக்க முடியும்? விளையாட்டை உலகமே விளையாடலாம். பலகை உக்கும். விளையாட்டு உக்காது.”

கைதட்டினார்கள். மூத்ததம்பியும் தட்டினார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது தட்டாமல் இருப்பது நல்லதல்ல என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

தர்மசீலனுக்கு மாலை போட்டு, சுத்தியலார் படம் போட்ட தொப்பியை அணிவித்து, தங்கநிறப் பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தவிசாளர் அவருடைய தோளில் கைபோட்டுப் புதிய பலகைகளின் மேல் நடந்தார். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் தர்மசீலன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

வாகனங்கள் போனபின் வேலையாட்கள் கம்பளத்தைச் சுருட்டினார்கள். அதற்குப் பிறகு பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.

“தம்பி, என்ன செய்யிறியள்?”

“இது விழாப் பலகை அண்ணே. நாளைக்கு வேற துறையில விழா.”

“அப்ப பழையதை எண்டாலும் திரும்பப் போடுங்கோ.”

“உக்கின பலகையில ஆக்களை நடக்க விட ஏலாது. அது சட்டம். எரிக்கக் குடுத்திட்டம்.”

“அப்ப எங்கட ஓட்டை?”

வேலையாள் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் ரிபனை எடுத்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினான்.

“நீங்கள் வெண்ட மாதிரியே செய்யச் சொல்லித்தான் உத்தரவு” என்றான்.

அடுத்த நாள் தர்மசீலன் தரையால் சுற்றிச் சபைக்குப் போனார். பிரியங்கினி இந்த முறையும் கதிரை தந்தாள். திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“இதில நிக்கிறது நீங்கள்தானே ஐயா?”

“ஓம்.”

“காலுக்குக் கீழ இருக்கிறது பலகைதானே?”

“ஓம் பிள்ளை, ஆனால்...”

“இது எங்களுக்குப் போதும். கண்டல்முனை இப்ப பட்டியலிலயே இல்லை ஐயா. பழுதற்ற கிராமம் எண்டு அறிவிச்சாச்சு. பெயர்ப்பலகை வருகுது.”

பெயர்ப்பலகை வந்தது. இறங்குதுறையின் தலைவாசலில் இரண்டு தூண் நட்டு, ஆள் நீளத்துக்கு ஒரு தேக்கம் பலகையைத் திருகாணியால் பூட்டினார்கள். ‘பழுதற்ற கிராமம், கண்டல்முனை.’ மூன்று மொழியிலும் இருந்தது. அந்த ஊரில் அவ்வளவு நல்ல மரம் வேறெங்கும் இல்லை.

ஆண்கள் உடுதுணியைக் கழற்றித் தலையில் சுற்றிக்கொண்டு, ஓட்டையில் இறங்குதுறைத் தூணைப் பிடித்துச் சேற்றுக்குள் இறங்கி ஏறிப் படகுக்குப் போனார்கள். கனகமணியைத் தர்மசீலன் பஸ்ஸில் கொண்டுபோனார். ஒரு நாள் தம்பலகாமத்து வீதியில் யானைக்கூட்டம் நின்றது. பஸ் நின்றது. அவளுடைய சுத்திகரிப்பு முறை தவறிப்போனது. இரண்டு நாளில் கால் வீங்கி, மூச்சு இழுத்தது. அடுத்த முறை போனபோது வைத்தியர் அவளைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னொருக்கா இப்பிடித் தவறினால் இஞ்ச கொண்டுவர வேண்டி வராது.”

அடுத்த முறைக்கான காலையில் தர்மசீலன் கடையிலிருந்து திருகாணிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பெயர்ப்பலகையைக் கழற்றினார். தூக்கிக்கொண்டு போய் ஓட்டையின் மேல் வைத்தார். அளந்து வெட்டியதுபோல் பொருந்தியது.

கனகமணி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

“எழுத்தெல்லே மேல கிடக்கு. எப்பிடி மிதிக்கிறது?”

“அந்தப் பக்கம் ஏதோ பெட்டி ஒண்டு பூட்டிக் கிடக்கு, கவிழ்த்து வைச்சால் ஆடுது. நட.”

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு ‘பழுதற்ற’ என்பதில் ஓர் அடியும் ‘கிராம’த்தில் ஓர் அடியும் வைத்துக் கடந்தாள். பலகை ஆடவில்லை. றஹ்மான் அவளைக் கைகொடுத்துப் படகில் ஏற்றினார்.

“அண்ணே, கண்டுபிடிப்பு நல்லா இருக்கு. சபைக்குச் சொல்லிறாதீங்க.”

சபைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பலகையின் பின்னால் இருந்தது, கழற்றினால் தானாகத் தகவல் அனுப்புகிற பெட்டி. கரையில் சிக்னல் இல்லாததால் அது இதுவரை ஊமையாக இருந்தது. தர்மசீலன்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிக்னல் உள்ள இடத்தில் வைத்திருந்தார்.

மத்தியானத்துக்கு முன்பே சபையின் ஜீப் வந்தது. பின்னால் ஒரு லொறியும் வந்தது. பெயர்ப்பலகையைத் தூக்கிக் கழுவி, துடைத்து, பழைய இடத்தில் பூட்டினார்கள். கீறல் விழுந்த எழுத்துக்களுக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்தார்கள். இவ்வளவு வேகமாக, இவ்வளவு ஒழுங்காகச் சிலர் வேலை செய்வதைக் கண்டல்முனை அதற்கு முன் கண்டதில்லை.

“தம்பிமாரே, பின்னேரம் மனிசி வரும். அவ வந்து ஏறுமட்டும் விடுங்கோ. பிறகு நானே பூட்டித் தாறன்.”

“அவசரத் திருத்தம் ஐயா. பிந்தினால் எங்கட வேலை போயிடும்.”

இனி இப்படி நடக்காமல் இருப்பதற்காக அவருடைய கடையின் முன்பலகைகளையும் கழற்றி ஏற்றிக்கொண்டார்கள். பெயின்ற் காயும்வரை பெயர்ப்பலகைக்குக் காவலாக ஒரு ஆளை ஒரு கதிரையோடு விட்டுப் போனார்கள். மூத்ததம்பி ஓர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். காவலாளி போனை எடுத்து ஏணியைப் படம் பிடித்தான். மூத்ததம்பி நிற்காமல் அப்படியே திரும்பி ஏணியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பின்னேரம் படகு வந்தது. றஹ்மானுக்கு மூதூருக்குப் போக வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். கனகமணியை நுனியில் இறக்கி, கையசைத்து, எஞ்சினைத் திருப்பிக்கொண்டு போனார். அவள் மெல்ல மெல்ல நடந்து ஓட்டைக்கு வந்தாள். கணவர் மறுபக்கம் நின்றார். நடுவில் மஞ்சள் ரிபன் காற்றில் ஆடியது.

“பலகை எங்க?”

“கொண்டுபோய் மாட்டிப்போட்டாங்கள். றஹ்மான் நானாவுக்குப் போன் அடி, திரும்பி வரட்டும்.”

“அடிச்சனான். எஞ்சின் சத்தத்தில அந்தாளுக்குக் கேக்காது.” அவள் ஓரத்து மரத்தில் சாய்ந்துகொண்டாள். முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த போன் சத்தம் போட்டது. பார்த்தாள். “சபைதான் அனுப்பியிருக்கு. கண்டல்முனைப் பெயர்ப்பலகையை இண்டைக்கு உடனடியாத் திருத்தினவையாம். சேவைக்கு எத்தினை நட்சத்திரம் குடுக்கிறியள் எண்டு கேக்கினம்.”

“அஞ்சையும் குடு. கெதியா வந்தவங்கள்தானே.”

அவள் நட்சத்திரங்களைக் குத்தினாள். சுத்தியலார் தோன்றிக் கைகூப்பினார். பிறகு அவள் ஓரத்து மரத்திலிருந்து மெதுவாகச் சரிந்து கீழே இருந்தாள்.

“தலை சுத்துது. கனநேரம் இருக்க ஏலாது.”

தர்மசீலன் ஓட்டைக்குள் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அதற்குக் கீழே சேறு அவரை முழங்கால் மட்டும் வாங்கிக்கொண்டது. இரண்டு பக்கத்து மரத்தையும் கைகளால் பிடித்து, தோளை அகட்டி நின்றார். மூத்ததம்பி கரைப்பக்கத்தில் குந்தியிருந்து கையை நீட்டினார்.

“என்ர தோளில காலை வை. மற்றக் காலை மூத்ததம்பியண்ணற்ற பக்கம் எடுத்து வை. அவ்வளவுதான்.”

“கழுத்து நனையக் கூடாது எண்டவை.”

“நனையாது. நான் நிக்கிறன்.”

அவள் செருப்பைக் கழற்றினாள். எழுத்துக்குச் செய்ததுபோலவே குனிந்து அவருடைய தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு தோளில் கால் வைத்தாள். மூத்ததம்பியின் விரல் நுனி அவளுடைய விரலில் பட்டது.

சேறு அவசரப்படவில்லை. அது தர்மசீலனை ஒரு பக்கமாக, மெல்ல, தொடைவரை இழுத்தது. தோள் சரிந்தது. கனகமணி தொபுக்கென்று விழுந்தாள்.

இருவரையும் இழுத்து ஏற்றுவதற்கு ஊரே வர வேண்டியிருந்தது. எல்லோரும் சேர்ந்து அவளைக் கரைக்குக் கொண்டுவந்தபோது குழாயை மூடியிருந்த கழுத்துத் துணி சேற்றோடு கழன்று தொங்கியது. தர்மசீலன் பஸ்ஸைப் பிடிக்க வீதிக்கு ஓடினார். வெயிலுக்குப் போட்டிருந்த அந்தச் சுத்தியலார் தொப்பி அவர் தலையில் இன்னும் இருந்தது. தம்பலகாமத்தில் யானை இறங்குகிற நேரம்.

கனகமணிக்கு நிற்க ஏலவில்லை. பக்கத்தில் கைக்கு எட்டியதைப் பிடித்தாள். அது பெயர்ப்பலகை.

காவலாளி கதிரையிலிருந்து எழும்பினான்.

“அம்மா, பலகையில கை வைக்காதேங்கோ. ஈரம் காயேல்ல.”

அவள் கையை எடுத்தாள். எடுத்த கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.